சுகர் இறங்கினால் உடம்பு என்ன சொல்லும்? தாழ் சர்க்கரையைத் தெரிந்துகொள்வோம்

"சுகர் ஏறிடுச்சு" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். ஏறினால் என்ன செய்வது என்பதும் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இனிப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் அதே சுகர் திடீரென்று இறங்கினால்? ஏறிய சர்க்கரை பெரும்பாலும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் உடம்பைக் கெடுக்கும். இறங்கிய சர்க்கரை சில நிமிடங்களிலேயே ஆளைக் கீழே தள்ளிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸில் சரியாகிவிடும். தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கட்டுரையைத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்து வாழ்க்கையை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். தேரிக்காடும் பனையும் கருப்பட்டியும் கோயில் விரதமும் உள்ள ஊர் அது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதிலுள்ள பாடம் பொருந்தும். நிதானமாகப் படியுங்கள். கடைசியில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. உங்களை நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு

பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சாப்பிடாமல் பார்க்கும்போது சர்க்கரை 90 என்று ரிப்போர்ட் வந்தால், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 90 மில்லி கிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். 5 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே நாலரை கிராம்தான். கிட்டத்தட்ட ஒரு டீ ஸ்பூன். இந்த ஒரு ஸ்பூன் குளுக்கோஸைக் கூடவும் விடாமல், குறையவும் விடாமல் உடம்பு இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறது.

இதில் அதிகம் சாப்பிடுவது மூளை. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் தேவை. அதைச் சேமித்து வைக்க மூளையில் இடமும் கிடையாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அந்த இருப்பு தீர்ந்தால் புதிதாகவும் தயாரித்துக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டில் எங்காவது தடங்கல் வந்தால்தான் தாழ் சர்க்கரை. நம் பேச்சு வழக்கில் "லோ சுகர்".

எத்தனைக்குக் கீழே போனால் குறைவு?

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மூன்று படிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: 70-க்குக் கீழே. இது எச்சரிக்கை மணி. உடனே ஏதாவது இனிப்பாகக் குடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: 54-க்குக் கீழே. இது ஆபத்து. மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: எண் எதுவாக இருந்தாலும், தானாக எழுந்து சர்க்கரை எடுத்துக்கொள்ள முடியாமல் அடுத்தவர் உதவி தேவைப்படும் நிலை. இது அவசர சிகிச்சைக்கு உரியது.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 55-க்குக் கீழே போனால்தான் மருத்துவர்கள் கவனமாக ஆராய்வார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

சர்க்கரை இறங்க ஆரம்பித்ததும் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனை விடுகிறது. பயந்தால் வரும் அதே ஹார்மோன்தான். அதனால் முதலில் வருபவை இவை:

• கை நடுக்கம்
• குப்பென்று வியர்ப்பது, அதுவும் குளிர்ந்த வியர்வை
• நெஞ்சு படபடப்பு
• திடீர்ப் பசி
• காரணமில்லாத பதற்றம், முகம் வெளிறுவது

இந்த நேரத்தில் கவனிக்காவிட்டால் அடுத்து மூளை தடுமாற ஆரம்பிக்கும்:

• தலை கிறுகிறுப்பு, பார்வை மங்குவது
• பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது
• காரணமில்லாத கோபம், எரிச்சல், பிடிவாதம்
• நடை தள்ளாடுவது
• வலிப்பு, நினைவு தப்புவது

தூக்கத்திலும் சுகர் இறங்கலாம். கெட்ட கனவு கண்டு அலறி எழுவது, காலையில் தலையணை வியர்வையில் நனைந்திருப்பது, எழுந்ததும் தலைவலி, உடம்பு அடித்துப்போட்டது போல இருப்பது ஆகியவை ராத்திரியில் சுகர் இறங்கியதன் அடையாளங்களாக இருக்கலாம். வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இரண்டாவது பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், கோபம். பஸ் ஸ்டாண்டில் இப்படி ஒருவர் நின்றால் நாம் என்ன சொல்வோம்? "குடிச்சிருக்காரு போல" என்று ஒதுங்கிப் போவோம். வீட்டில் வயதானவருக்கு இப்படி வந்தால் "வயசாயிட்டு, அப்படித்தான் பேசுவாவ" என்று விட்டுவிடுவோம். சில நேரம் ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொண்டு பக்கவாதம் போலவே தெரியும். அதனால்தான் மயங்கி வருகிற யாரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதல் வேலையாக விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்க்கிறார்கள். ஒரு நிமிடச் சோதனை அது.

அறிகுறியே இல்லாமலும் இறங்கும்

அடிக்கடி லோ சுகர் வருகிறவர்களுக்கு உடம்பின் எச்சரிக்கை மணி மழுங்கிப்போகும். நடுக்கமும் வியர்வையும் வராமலேயே நேராகக் குழப்பமும் மயக்கமும் வந்துவிடும். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது அதிகம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ, கைநடுக்கத்துக்கோ கொடுக்கப்படும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வியர்வையை அலட்சியம் செய்யக் கூடாது.

யாருக்கு வரும்? எல்லா சுகர் மாத்திரைக்குமா?

இல்லை. சர்க்கரை நோய் இருப்பதால் மட்டும் சர்க்கரை இறங்குவதில்லை. பெரும்பாலும் மருந்தும் சாப்பாடும் உழைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால்தான் இறங்குகிறது.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அடுத்து, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிக்ளசைடு ஆகியவை இந்த வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை தங்கள் வேலையைச் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் வருவது அரிது. உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து கலந்தும் வரும். புரியாவிட்டால் மருந்து கொடுக்குமிடத்தில் கேளுங்கள்: "இந்த மாத்திரை சாப்பிட்டா சுகர் ரொம்ப இறங்குமா?" இந்த ஒரு கேள்வி போதும்.

இறங்குவதற்கான வழக்கமான காரணங்கள் இவை:

• மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது
• வழக்கத்தைவிட அதிக உழைப்பு: வயல் வேலை, பனை ஏற்றம், நீண்ட பாத யாத்திரை
• வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் சாப்பிட முடியாமல் போவது
• மறந்துபோய் மாத்திரையை இரண்டு தடவை போடுவது
• வெறும் வயிற்றில் மது
• சிறுநீரகம் பழுதாகி மருந்து உடம்பிலேயே தங்குவது

கடைசிக் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. "முன்னெல்லாம் சுகர் 250 இருக்கும், இப்ப தானா குறைஞ்சுட்டு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மருந்தும் சாப்பாடும் மாறாமலே சுகர் குறைந்துகொண்டே வந்தால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரியாட்டினின் பரிசோதனை அதற்குத்தான்.

"வெறும் வயிற்றில் வாங்க" என்ற நாளில்

சாத்தான்குளம் வட்டத்தில் ஒரு கிராமம், அங்கே 65 வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றுப் பரிசோதனை. "வெறும் வயிறு" என்றதால் காபியும் குடிக்கவில்லை. ஆனால் பழக்கப்படி விடியற்காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டார். முதல் பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, ரத்தம் கொடுக்கும்போது மணி பத்து. பாட்டி கண்கள் இருட்டிச் சரிகிறார்.

இதைத் தவிர்ப்பது சுலபம். வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில், மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், காலை மாத்திரையும் ஊசியும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடுதான். கையில் டிபன் எடுத்துக்கொண்டே போங்கள். தண்ணீர் குடிக்கலாம். நடுவில் நடுக்கமோ வியர்வையோ வந்தால் "டெஸ்ட் கெட்டுப்போகுமே" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயே நர்ஸிடம் சொல்லுங்கள். பரிசோதனையை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

ஊசியிலும் ஒரு கணக்கு உண்டு

இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். இன்னொன்றில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உடம்புக்குள் போய்விடும். 20 யூனிட் போட நினைத்து 50 யூனிட் போட்டது போல. கடை மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும், பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்? 15-க்கு 15

ஆள் நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால்:

1. உட்கார வையுங்கள். மீட்டர் கையில் இருந்தால் சுகர் பாருங்கள். இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அறிகுறி இருந்தால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. வேகமாக ரத்தத்தில் சேரும் 15 கிராம் சர்க்கரை கொடுங்கள். மூன்று டீ ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அரை டம்ளர், அதாவது 150 மில்லி பழச்சாறோ சாதாரண கூல் டிரிங்ஸோ கொடுக்கலாம். ஒரு மேசைக் கரண்டி தேனும் சரி. 'டயட்', 'ஜீரோ' என்று எழுதிய பானங்களில் சர்க்கரையே இருக்காது. அவை உதவாது.

3. 15 நிமிடம் காத்திருங்கள். திரும்பப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றாலோ, மீட்டர் இல்லாமல் அறிகுறி போகாமல் இருந்தாலோ மறுபடியும் அதே 15 கிராம்.

4. சரியானதும் அப்படியே விட்டுவிடக் கூடாது. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இட்லியோ பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட வையுங்கள். கரைத்துக் கொடுத்த சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நினைவில்லை, வலிப்பு வருகிறது, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சீனித் தண்ணீரோ காபியோ, வெறும் தண்ணீரோகூட மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "சுகருக்கு மருந்து எடுக்கிறவங்க, மயங்கிட்டாங்க" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு கோயில், சர்ச், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் மருந்து ஏற்றுவார்கள். பெரும்பாலானவர்கள் சில நிமிடங்களில் கண் விழித்துவிடுவார்கள்.

கண் விழித்ததும் "சரியாயிட்டு, வீட்டுக்குப் போவோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் வேலை ஒரு நாள் வரையும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு மேலும்கூட நீடிக்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சுகர் மறுபடி இறங்கும். "ஒரு நாள் அட்மிட் ஆகணும்" என்று மருத்துவர் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் மறுபடி இறங்கினால் யாருக்கும் தெரியாது.

கருப்பட்டி கொடுக்கலாமா? அல்வா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உடன்குடி கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. முதலூர் மஸ்கோத் அல்வா, தூத்துக்குடி மக்ரூன், திருநெல்வேலி அல்வா என்று சுற்றிலும் இனிப்புக்குப் பஞ்சமில்லை.

கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். எனவே அவசரத்துக்கு வேறு எதுவும் இல்லையென்றால் கொடுக்கலாம். ஆனால் கட்டியாகக் கடிக்கக் கொடுத்தால் கரையவே நேரமாகும். நுணுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதநீரிலும் சர்க்கரை உண்டு. ஆனால் எவ்வளவு என்று கணக்கு வைக்க முடியாது.

அல்வாவும் மக்ரூனும் சாக்லேட்டும் முதல் உதவிக்கு ஏற்றவை அல்ல. மஸ்கோத் அல்வாவில் தேங்காய்ப் பால், திருநெல்வேலி அல்வாவில் நெய், மக்ரூனில் முந்திரி. கொழுப்பு சேர்ந்தால் இனிப்பு ரத்தத்தில் சேர நேரமாகும். லோ சுகரில் நமக்கு இல்லாதது அந்த நேரம்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். லோ சுகருக்குக் கருப்பட்டி உதவுகிறது என்றாலே, அது சுகரை ஏற்றும் என்றுதானே அர்த்தம்? "கருப்பட்டி காபிதான் குடிக்கேன், சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்பது தவறான நம்பிக்கை.

இன்னொரு குறிப்பு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும் சீக்கிரம் வேலை செய்யாது. இந்த மாத்திரைகள் குடலில் சீனி உடைவதைத் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. எல்லோருக்கும் பொதுவாக நல்லது என்றால் அதுவும் குளுக்கோஸ் பவுடர்தான். மெடிக்கலில் சின்னப் பாக்கெட் கிடைக்கும். சட்டைப் பையில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று இருக்கட்டும்.

விரத காலம்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள், திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள், பாத யாத்திரை போகிறவர்கள், ரமலான் நோன்பு வைப்பவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் என எல்லாரும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சுகர் இருந்தால் விரதமே கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. மருந்தின் அளவையும் நேரத்தையும் விரதத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களாகச் செய்யாமல், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். அடிக்கடி லோ சுகர் வருகிறவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

விரதத்தின் நடுவே சுகர் 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்தும்கூட.

சுகர் நோய் இல்லாதவர்களுக்கும் வருமா?

வரும். ஆனால் குறைவு. பசியில் தலை சுற்றினால் எல்லாமே லோ சுகர் என்று எண்ண வேண்டாம். ரத்தசோகை, குறைந்த ரத்த அழுத்தம், வெயிலில் நீர்ச்சத்துக் குறைவது ஆகியவையும் அதே மாதிரிதான் இருக்கும்.

உண்மையிலேயே சர்க்கரைக் குறைவுதானா என்று கண்டுபிடிக்க ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் 1938-இல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். அறிகுறி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி போக வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் மேலே ஆராய வேண்டும். இன்றும் மருத்துவர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

அப்படி வருவதற்கான காரணங்கள்:

• மது. கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை மது தடுத்துவிடும். சாப்பிடாமல் அதிகம் குடித்தவர் "போதையில் தூங்குகிறார்" என்று விட்டுவிட்டால், சில நேரம் அது லோ சுகர் மயக்கமாக இருக்கும்.
• தவறுதலாக விழுங்கிய மாத்திரை. தாத்தாவின் சுகர் மாத்திரையைக் குழந்தை மிட்டாய் என்று நினைத்துச் சாப்பிட்டால், ஒரே மாத்திரை போதும் ஆபத்துக்கு. குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.
• கடுமையான நோய்த்தொற்று, கல்லீரல் செயலிழப்பு, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு.
• வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சுகர் இறங்கலாம்.
• கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி. மிக அரிது. கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையில் சரிசெய்யலாம்.
• பச்சிளம் குழந்தைகள். எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கும், சர்க்கரை நோய் உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் முதல் நாட்களில் சுகர் இறங்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

முசாஃபர்பூர் சொல்லும் பாடம்

சர்க்கரை நோயே இல்லாத குழந்தைகளை லோ சுகர் எப்படிப் பறிக்கும் என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டம் சாட்சி. அங்கே பல வருடங்களாகக் கோடையில், லிச்சிப் பழ சீசனில், ராத்திரி நன்றாகத் தூங்கப்போன குழந்தைகள் விடியற்காலையில் வலிப்போடு எழுந்தார்கள். பலர் இறந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான், முசாஃபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷாவுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். இது தொற்று அல்ல, சர்க்கரை குறைவதால் மூளை பாதிக்கப்படுவது என்று 2014-இல் எழுதினார்கள். அதே 2014-இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்திருந்தார்கள். லிச்சிப் பழத்தில் உள்ள இரண்டு வேதிப்பொருட்கள் உடம்பு புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுக்கின்றன என்றும், ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாமல் லிச்சி தின்ற குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. 2019-இல் மறுபடியும் 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

இதைப் படித்து லிச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். வயிறார ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிற குழந்தைக்கு அது சாதாரணப் பழம்தான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: குழந்தையை ராத்திரி வெறும் வயிற்றில் தூங்கவிடக் கூடாது. வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் சுகர் பார்க்க வேண்டும். பார்த்து உடனே குளுக்கோஸ் ஏற்றினால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

அரசின் சேவைகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். அப்படியானால் உங்கள் தெருவிலேயே லோ சுகர் வரக்கூடியவர் இருக்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வரும்போது மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. "போன வாரம் ரெண்டு தடவை வேர்த்து மயக்கமா வந்துச்சு" என்று சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். முதியவர்களுக்குச் சுகரைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்வதே நல்லது என்று மருத்துவர்கள் முடிவு செய்வது உண்டு.

108: அவசர ஊர்தி. கட்டணம் கிடையாது.

104: மருத்துவ ஆலோசனைக்கான உதவி எண். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்குக் கூப்பிடலாம். மயக்கம் என்றால் நேரே 108 தான்.

ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை: சர்க்கரைப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு கருவிதான்

• மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். வெளியூரில் மயங்கினால் மருத்துவருக்கு அதுவே பாதி விவரம்.
• லாக் ஸ்கிரீனில் அவசரத் தகவல் பதியும் வசதி பெரும்பாலான போன்களில் இருக்கிறது. "சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன்" என்று எழுதி, வீட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். போனைத் திறக்காமலேயே மற்றவர்கள் பார்க்க முடியும்.
• மாத்திரைக்கு அலாரம் வைப்பவர்கள், சாப்பாட்டுக்கும் ஒன்று வையுங்கள்.
• தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வெளியூரிலிருந்து போன் செய்யும்போது "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்காமல் "சாப்பிட்டாச்சா?" என்று முதலில் கேளுங்கள். பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ உடனே பக்கத்து வீட்டாரை அனுப்புங்கள்.
• வண்டி ஓட்டும்போது நடுக்கம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். குளுக்கோஸ் சாப்பிட்டுச் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் கழித்தே மறுபடி ஓட்டுங்கள். மூளை முழுதாகத் தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.

பயிற்சி: ஐந்து கேள்விகள்

1. மீட்டர் இல்லை. இன்சுலின் போட்டவர் வேர்த்து நடுங்குகிறார். என்ன செய்வீர்கள்?
விடை: லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு மூன்று ஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பேன்.

2. மயங்கிக் கிடப்பவர் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றலாமா?
விடை: கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

3. வெறும் வயிற்றுப் பரிசோதனை அன்று காலை மாத்திரை எப்போது?
விடை: ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு.

4. வோக்லிபோஸ் எடுப்பவருக்கு லோ சுகர் வந்தால் எது சரி, சீனியா குளுக்கோஸா?
விடை: குளுக்கோஸ்.

5. கிளிமிபிரைடு சாப்பிட்டு மயங்கியவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டார். உடனே வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?
விடை: கூடாது. மறுபடி இறங்கலாம். மருத்துவர் சொல்லும் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஐந்தும் சரி என்றால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். இன்று சாயங்காலமே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எப்போது, எப்படிக் கொடுப்பது என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். பகலில் தாத்தா பாட்டியோடு வீட்டில் இருப்பது பல நேரம் அந்தப் பிள்ளைதான்.